"படிப்புக்குத்தானே" என்று சொன்னால் போதுமா?

கொழும்பில் ஒரு தனியார் பட்டக் கல்வி நிறுவனத்தில் வருகை விரிவுரையாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, பாடநூலின் சில அத்தியாயங்களை ஸ்கேன் செய்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். சிலதைத் தமிழில் மொழிபெயர்த்தும் கொடுக்கிறேன். போன வருடம் ஸூமில் நான் எடுத்த வகுப்புகளின் பதிவை, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த வருட மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பெறுபேறுகளை அடையாள அட்டை இலக்கத்தோடு குழுவில் போடச் சொல்கிறார்கள். இதிலெல்லாம் சட்டப் பிரச்சினை வருமா? படிப்புக்குத்தானே?"

தம்பி, உங்கள் கடைசிச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். "படிப்புக்குத்தானே" என்பதை ஒரு பல்கலைக்கழக நூலகக் கவுண்டரில் இருந்தபடி நான் பல வருடம் கேட்டிருக்கிறேன். முழுப் புத்தகத்தையும் கொப்பி அடிக்க வந்த மாணவரும் அதைத்தான் சொல்வார், அவரை அனுப்பிவைத்த விரிவுரையாளரும் அதைத்தான் சொல்வார். பிறகு சட்டம் படித்து, கல்வி நிறுவனங்களுக்குக் கொள்கை ஆவணம் எழுதிக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். இங்கே கூட்ட மேசையைச் சுற்றி இருப்பவர்களும் அதையே சொல்கிறார்கள், கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில். சட்டம் அந்தச் சொல்லுக்குக் காது கொடுக்கத்தான் செய்கிறது. கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கும்: எவ்வளவு எடுத்தாய், யாருக்குக் கொடுத்தாய், காசு யார் பக்கம் போகிறது? உங்களுக்கான பதில்கள் எல்லாம் அந்த அடுத்த கேள்விகளில்தான் தொங்குகின்றன.

முதலில் அத்தியாயங்கள். இலங்கையில் பதிப்புரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வருகிறது. எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும் உரிமை இருக்கும். எங்கேயும் பதிய வேண்டியதில்லை, படைப்பு உருவாகும்போதே உரிமையும் பிறந்துவிடும். கொழும்பு 10இல் இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒரு பாடநூல் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்து, "இல்லை அக்கா, அப்ப கொப்பி எடுக்கலாம்" என்று சந்தோஷமாக வந்தவரும் உண்டு. அங்கே பதிவாவது வர்த்தகக் குறி, கண்டுபிடிப்புகளுக்கான ஆக்கவுரிமை போன்றவை. புத்தகத்தை அங்கே தேடினால் கிடைக்காதுதான்.

அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு பற்றியது. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு என்று ஒரு வரிசை வருகிறது. கற்பித்தலுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதும் இதில் அடங்கும் என்றும் இருக்கிறது. நம் ஆட்கள் அந்த அடைப்புக்குறியோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியில் நான்கு அளவுகோல்கள் வருகின்றன: பயன்பாட்டின் நோக்கம் வணிகமா, இலாபமற்ற கல்வியா, எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, முழுமையோடு ஒப்பிட்டால் எடுத்தது எவ்வளவு, அதனால் அந்தப் படைப்பின் சந்தைக்கு என்ன ஆகும். அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் 107ஆம் பிரிவாக இருப்பதன் சாயல் இதில் அப்படியே தெரியும்.

12ஆம் பிரிவு இன்னும் குறிப்பாகப் பேசுகிறது, உங்களுக்குச் சிக்கல் அங்கேதான். ஒரு கட்டுரையையோ புத்தகத்தின் சிறு பகுதியையோ கல்வி நிறுவனத்தில் பிரதி எடுக்கலாம். ஆனால் அது நேருக்கு நேர் கற்பித்தலுக்காக இருக்க வேண்டும், அந்த நிறுவனத்தின் நடவடிக்கை நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இலாபத்துக்காக இருக்கக் கூடாது, மூலமும் ஆசிரியர் பெயரும் குறிப்பிட வேண்டும். ஒரு அரச பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் நாற்பது பேருக்கு ஒரு கட்டுரையின் பிரதியைக் கையில் கொடுக்கிற ஆசிரியருக்கு இது நல்ல குடை. வருடத்துக்கு இத்தனை இலட்சம் என்று கட்டணம் வாங்குகிற கம்பனிக்காக, வாட்ஸ்அப்பில் பிடிஎப் அனுப்புகிற உங்களுக்கு அந்தக் குடை விரியாது. "நேருக்கு நேர்" என்பதும் இல்லை, "இலாபமற்ற" என்பதும் இல்லை. பொதுவான 11ஆம் பிரிவை நம்பித்தான் நீங்கள் நிற்க வேண்டும், அங்கேயும் முதல் அளவுகோல் உங்கள் பக்கம் முழுதாக இல்லை.

"டெல்லியில் போட்டோகொப்பிக் கடை வென்றதே" என்று யாராவது சொல்வார்கள். வென்றது உண்மை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகக் கடையின் மீதும் போட்ட வழக்கில், டெல்லி நீதிமன்றம் 2016இல் பாடத்தொகுப்புகளுக்காகப் பிரதி எடுப்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருக்கிற ஒரு வாசகத்தின் பலம். கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பது உரிமை மீறல் அல்ல என்று அது விரிவாகச் சொல்கிறது, சிறு பகுதி என்ற கட்டுப்பாடு அதில் இல்லை. நம் சட்டத்தில் அந்த வாசகம் இல்லை. பாக்கு நீரிணையைத் தாண்டினால் தீர்ப்பு செல்லாக்காசு என்று நான் சொல்லவில்லை, கொழும்பு நீதிமன்றம் அதை வாசித்துப் பார்க்கலாம். ஆனால் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடை திறக்க முடியாது.

அடுத்தது "பத்து வீதம் எடுக்கலாம்" என்ற கதை. இது எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு இணையத்தில் அத்தியாயங்களைப் போட்டதற்காக 2008இல் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2012இல் கீழ்நீதிமன்றம் பத்து வீதம் அல்லது ஓர் அத்தியாயம் என்று ஒரு கோடு போட்டது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், இப்படி அடிக்கோல் வைத்து அளக்க முடியாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று அதைத் தள்ளிவிட்டது. வழக்கு 2020 வரை இழுத்தது. கோடு அழிந்து இத்தனை வருடமாகியும் நம் ஊர் விரிவுரையாளர் அறைகளில் பத்து வீதம் உயிரோடு இருக்கிறது. இலங்கைச் சட்டத்தில் எந்த வீதமும் எழுதப்படவில்லை.

சரி, அப்ப என்ன செய்வது? ஒன்று, இணைப்புக் கொடுத்தால் போதுமான இடத்தில் பிடிஎப் கொடுக்காதீர்கள். நிறுவனம் சந்தா கட்டியிருக்கிற ஆய்விதழ் என்றால் இணைப்பை அனுப்புங்கள், யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்கத்தில் இருக்கிற நூல் என்றாலும் அப்படியே. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பை விட்டு, மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்கு வாருங்கள். கடவுச்சொல் இருக்கும், அந்தப் பாடத்தைப் படிப்பவர்களுக்கு மட்டும் தெரியும், பருவம் முடிந்ததும் எடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் போட்ட கோப்பு உங்கள் நாற்பது பேரோடு நிற்காது. எங்கேயோ ஒரு டெலிகிராம் சனலில், உங்கள் பெயர் போட்ட கோப்பாக, ஆறு மாதம் கழித்து வந்து நிற்கும். புத்தகத்தின் இதயம் என்று சொல்லக்கூடிய அத்தியாயத்தை எடுப்பதும், ஒரே புத்தகத்தில் இருந்து வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அத்தியாயம் எடுப்பதும் உங்களுக்கே பிழை என்று விளங்கும். பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதை யாரும் செய்வதில்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், பதில் வந்த தடவைகளும் உண்டு.

போட்டோகொப்பிக் கடை பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இப்படிக் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுருள் பைண்டிங் போட்ட கட்டுகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் பாடக் குறியீடும் விரிவுரையாளரின் பெயரும் நீல மார்க்கரில். மூலப்பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அந்த விரிவுரையாளர்தான். மாணவர் வந்து "சேரின்ட கொப்பி" என்று கேட்டால் போதும். தனக்கென்று ஒரேயொரு பிரதி எடுக்கிற மாணவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் முழுப் புத்தகத்தையோ அதன் பெரும்பகுதியையோ பிரதி எடுக்க அந்த இடமும் இல்லை. முன்கூட்டியே ஐம்பது அடித்து விலை போட்டு அடுக்கி வைத்திருக்கிற கடைக்கு எதுவும் இல்லை. முதுகில் உங்கள் பெயர் இருப்பதைத்தான் யோசியுங்கள். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறியது நிரூபணமானால் நீதவான் நீதிமன்றம் ஆறு மாதம் வரை சிறையோ ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ விதிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் எனக்கு உங்கள் மீது அனுதாபம்தான். தமிழ் மொழி மூலம் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் வருடத்தில் அறுநூறு பக்க ஆங்கிலப் பாடநூலைக் கொடுத்தால் அது திணறும். ஒரு நல்ல விரிவுரையாளர் இரவிரவாக இருந்து தமிழில் குறிப்பெழுதிக் கொடுப்பார். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இங்கே பலர் பட்டமே எடுத்திருக்க மாட்டார்கள், நான் உட்பட. ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடைய பொருளாதார உரிமைகளில் ஒன்று. பத்தி பத்தியாக, வரிக்கு வரி மாற்றினால் அது அவருடைய புத்தகத்தின் தமிழ்ப் பிரதி.

தப்பிக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, அது சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கருத்து, கோட்பாடு, வழிமுறை, தரவு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான். பொருளியலில் வரும் கேள்வி வளைகோடு (விலை மாறும்போது வாங்கும் அளவு எப்படி மாறும் என்று காட்டும் கோடு) யாருடைய சொத்தும் இல்லை. அதை விளக்க ஆசிரியர் எடுத்துக்கொண்ட ஓகையோ மாநிலச் சோள உதாரணமும் அவர் போட்ட படமும்தான் அவருடையவை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். பேலியகொடை மெனிங் சந்தையில் வெங்காய விலை ஏறின கதையை எடுத்து அதே கோட்பாட்டை விளக்குங்கள். மாணவருக்கும் அது சீக்கிரம் பிடிபடும், அந்தக் குறிப்பும் உங்களுடைய படைப்பாகிவிடும். இன்னொன்று: இலங்கையின் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்ற உத்தியோகபூர்வ வாசகங்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பே கிடையாது. சட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள் அவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஈழத்துத் தமிழ் நூல்கள் என்றால் முதலில் "நூலகம்" என்ற பெயரில் இருக்கிற எண்ணிம நூலக இணையத்தளத்தைப் பாருங்கள். உரிமையாளர்களிடம் அனுமதி கேட்டு வாங்கி ஏற்றுகிற வழக்கம் அவர்களுக்கு உண்டு, இணைப்பைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இப்போது உங்கள் ஸூம் பதிவு. இதைக் கேட்டதும் எனக்குப் பழைய கோபம் ஒன்று திரும்பி வந்தது. முன்பு நான் பகுதிநேரமாக வகுப்பெடுத்த ஓர் இடத்தில், நான் விலகி ஒரு வருடம் கழித்து, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. இறங்கும்போது "மிஸ், உங்கட வகுப்பு நேற்றும் பார்த்தனாங்கள்" என்றது. நான் அந்தப் பிள்ளையைக் கண்டதே இல்லை. நேரே போய்க் கேட்டேன். "படிப்புக்குத்தானே மிஸ்" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். ஒரு பக்கம், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவு, கையெழுத்து. பதிவு என்ற சொல்லே அதில் இல்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? விரிவுரைகள், உரைகள் போன்ற வாய்மொழிப் படைப்புகளும் பாதுகாக்கப்பட்ட படைப்புகள்தான், 6ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உரிமை முதலில் படைத்தவருக்கு. ஆனால் 14ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஊழியர் ஒருவர் தன் வேலையின் போக்கில் படைத்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்கே. நிரந்தர விரிவுரையாளருக்கு இந்த விலக்கு பொருந்தலாம். நீங்கள் யார்? ஈபிஎப், ஈடிஎப் (ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டுகிறார்களா, விடுமுறை உண்டா, வேறு இடத்திலும் வகுப்பெடுக்கிறீர்களா, மணித்தியாலக் கணக்கில் பட்டியல் கொடுத்துக் காசு வாங்குகிறீர்களா? கடைசி இரண்டுக்கும் ஆம் என்றால் நீங்கள் ஊழியர் இல்லை, சேவை வழங்குபவர் என்று வலுவாக வாதிடலாம். அப்படியானால் உரிமை உங்களோடுதான் இருக்கிறது. அதை மாற்றிக் கொடுப்பதும், பயன்படுத்த அனுமதி கொடுப்பதும் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்ப்பேச்சில் "ஓம் ஓம், பதிவு செய்யுங்கோ" என்று நீங்கள் சொன்னது அன்றைய பதிவுக்குச் சம்மதம். அதை அடுத்த பட்ச்சுக்கு விற்கக் கொடுத்த உரிமமாக அது மாறாது.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு வாதம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஒலி ஒளிப் படைப்பொன்றில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கு உரிமை போகும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஸூம் கணக்கு எங்களுடையது, பதிவு பொத்தானை அழுத்தியது எங்கள் ஆள், ஆகவே தயாரிப்பாளர் நாங்கள் என்று அவர்கள் சொல்லலாம். என் பார்வையில் பொத்தானை அழுத்துவது தயாரிப்பு ஆகாது. அப்படியே ஆனாலும் அதற்குள் இருக்கிற உங்கள் விரிவுரை, ஸ்லைடு ஆகியவற்றின் உரிமை உங்களோடு நிற்கும். எந்த நிலையிலும் ஆசிரியர் என்று உங்கள் பெயரைக் குறிப்பிடக் கோரும் தார்மிக உரிமையை உங்கள் ஆயுளில் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உங்கள் பெயரை வெட்டிவிட்டு நிறுவனச் சின்னத்தை ஒட்டியிருந்தால் அதை முதலில் பிடியுங்கள்.

வழக்கு என்று போனால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். ஒரு மணித்தியாலக் கொடுப்பனவுக்காக யாரும் அங்கே ஏற மாட்டார்கள், அது நிறுவனத்துக்கும் தெரியும். அதனால் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "விரிவுரைப் பதிவுகளை அந்தப் பருவத்தில் அந்தப் பாடத்துக்குப் பதிந்த மாணவர்களுக்கு மட்டும், பரீட்சை முடியும்வரை காட்டலாம். அதன் பின் பயன்படுத்துவதானால் விரிவுரையாளரின் எழுத்துமூல அனுமதியும் ஒப்புக்கொண்ட கொடுப்பனவும் வேண்டும்." இதற்கு இதுவரை முகம் சுளித்த நிறுவனங்கள் உண்டு, கையெழுத்துப் போடாமல் விட்டது குறைவு.

2020இல் எல்லோரும் ஒரே இரவில் இணையத்துக்குப் போனதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். பல்கலைக்கழகங்களை இணையத்தில் இணைக்கும் லேர்ன் வலையமைப்பு அவற்றுக்கு ஸூமைத் திறந்துவிட்டது, தொலைபேசி நிறுவனங்கள் அதற்கு டேட்டாக் கட்டணம் எடுக்கவில்லை. அந்த வேகத்தில் செய்தது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு யாருடையது, எத்தனை நாள் வைத்திருப்பது, அதில் முகம் தெரிகிற மாணவரிடம் கேட்டோமா என்பதை எழுதி வைக்க அப்போது யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பிறகு நேரம் வந்தபோது யாரும் எழுதவும் இல்லை. உங்கள் பதிவில் மாணவர்களின் குரல், முகம், வீட்டுச் சுவர், பின்னால் அம்மா போட்ட சத்தம் எல்லாம் இருக்கும். அடுத்த பட்ச் அதைப் பார்ப்பதற்கு அந்தப் பிள்ளைகள் எவரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

பெறுபேற்றுப் பட்டியலுக்கு வருவோம். இதைத்தான் நான் மிகப் பாரதூரமாகப் பார்க்கிறேன், நீங்களோ கடைசியில் போட்டிருக்கிறீர்கள். அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் இல்லை. பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. முதல் இரண்டு, பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 95, அதன் பின் 562 என்று தொடங்கினால் 1995இல் பிறந்த பெண், 62ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு, ஆகவே மார்ச் 2. புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வருகிறது, மற்றபடி அதே சூத்திரம். ஆக, "பெயரைப் போடவில்லை, இலக்கம் மட்டும்தானே" என்று நீங்கள் குழுவில் போடும் எக்செல் கோப்பு, ஒவ்வொரு பிள்ளையும் ஆணா பெண்ணா, எந்த நாளில் பிறந்தது, எத்தனை பாடத்தில் சித்தியடையவில்லை என்பதை நாற்பது பேரின் போனில் இறக்கி வைக்கிறது. எத்தனை சேவைகள் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கேட்டு "நீங்கள்தானா" என்று உறுதிப்படுத்துகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கான சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான அதிகாரசபை 2023இல் அமைந்தது. பிரதான கடமைகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று இருந்தது, தள்ளிப்போனது. அதே வருடம் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் வந்தது. "அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று நிர்வாகிகள் மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். மூலச் சட்டத்தில் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்று இருக்கிறது, மூச்சு விடுகிறவர்கள் அதையும் வாசித்திருக்க வேண்டும். சட்டத்தின் அடிப்படை எளிது: என்ன தேவைக்கு வாங்கினாயோ அதற்கு மட்டும் பாவி, தேவைக்கு மேல் வாங்காதே, தேவை முடிந்தால் வைத்திருக்காதே. பெறுபேற்றை அந்தந்த மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் தெரிவிக்க என்ன தேவை? மூடிலில் ஒவ்வொருவரும் தன் புள்ளியை மட்டும் பார்க்கிற வசதி ஏற்கெனவே இருக்கிறது. கட்டாயம் பட்டியல்தான் என்றால் நிறுவனம் கொடுத்த பதிவிலக்கத்தைப் போடுங்கள், அதையும் பெயர்களின் அகரவரிசையில் போடாதீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தச் சட்டம் விசேட வகை என்று பிரித்து வைத்திருக்கிற தரவுகளும் உண்டு: இனம், மதம், உடல்நலம், அரசியல் கருத்து, விரல் அடையாளம் போன்றவை. இப்போது உங்கள் நிறுவன அனுமதிப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். இனம் என்று ஒரு கட்டம், மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். ஏன் என்று கேட்டால் "எப்பவும் இருக்கிறதுதானே" என்பார்கள். வருகைக்கு விரல் அடையாள இயந்திரமும் வைத்திருப்பார்கள். இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு முஸ்லிம் பிள்ளை அந்தக் கட்டத்தை நிரப்பும்போது என்ன நினைக்கும் என்பதைப் படிவம் அச்சடிப்பவர் யோசித்திருந்தால் நன்றாக இருக்கும். இலங்கை அரசியலமைப்பில் அந்தரங்கம் தனியொரு அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. அதனால்தான் இந்தச் சட்டம் ஒழுங்காக நடைமுறைக்கு வருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதுதான் வரும். மாணவர் அசைன்மென்டை, பார்த்தெழுதியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் தளத்தில் ஏற்றும்போது, அமைப்பை மாற்றாவிட்டால் அது அவர்களின் களஞ்சியத்தில் நிரந்தரமாகத் தங்கலாம். மாணவர் உங்கள் ஊழியர் இல்லை, அந்தக் கட்டுரையின் உரிமை அவருடையது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் இதற்காக வழக்குப் போட்டுத் தோற்றார்கள், 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு என்றது. ஆனாலும் வரைவுகளைச் சோதிக்கும்போது களஞ்சியத்தில் சேமிக்காதே என்ற தெரிவைப் போடுங்கள். போடாவிட்டால் அதே மாணவர் இறுதிப் பிரதியைக் கொடுக்கும்போது தன்னிடமிருந்தே திருடினவராக நூறு வீதம் சிவப்பில் வந்து நிற்பார்.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவி காட்டும் வீதத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே வருடம் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோபல் (TOEFL) என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொல், ஒரே மாதிரி வாக்கியம், இதுதான் அவற்றுக்குச் சந்தேகம். நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் அதுதான். மாணவரின் கட்டுரையைப் பெயரோடு நீங்களே ஏஐயில் ஒட்டி "இதைத் திருத்து" என்று கேட்பதும் அவருடைய தரவை மூன்றாம் ஆளிடம் கொடுப்பதுதான், அதையும் விடுங்கள். கணினி ஆய்வுகூடத்தில் உரிமம் வாங்காமல் உடைத்துப் போட்ட எஸ்பிஎஸ்எஸ் புள்ளிவிபர மென்பொருள் இருந்தால், அதற்குப் பதில் ஆர் (R) அல்லது ஜமோவி மென்பொருளை இறக்குங்கள், இலவசம்.

இனிச் செய்ய வேண்டியது. பெறுபேற்றுக் கோப்பை ஏற்கெனவே குழுவில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுங்கள். இரண்டு நாளுக்குச் சற்று மேல் போய்விட்டால் "எல்லோருக்கும் நீக்கு" என்பது வராது, அப்போது பிள்ளைகளிடம் அவரவர் போனில் அழிக்கச் சொல்லி ஒரு செய்தி போடுங்கள், போட்டதைப் படமெடுத்து வையுங்கள். இலக்கத்தோடு போடச் சொன்னவர் வாயால் சொன்னாரா, எழுத்தில் சொன்னாரா? வாயால் என்றால், "நீங்கள் கேட்டபடி அடையாள அட்டை இலக்கத்தோடு போட வேண்டுமா, பதிவிலக்கம் போதுமா?" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் பதிவிலக்கம் போதும் என்றுதான் பதில் வரும். அப்புறம் உங்கள் ஒப்பந்தத்தின் அந்த ஒரு பக்கம், பெயர்களையும் தொகையையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். ஊழியரா சேவை வழங்குபவரா என்பதை அதைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.